பக்கத்தில் வைத்துப் பார்க்கிற அக்கா

ஒரு காலத்தில் என்னுடைய முகம் வெள்ளவத்தையில் ஒரு மூன்றாம் மாடிப் பல்கனியில், துவாய்களுக்கும் தலையணை உறைகளுக்கும் நடுவில், கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு முகம் இல்லை, ஏழெட்டு முகங்கள். ஒன்று செங்கல் நிறம். ஒன்று நாவற்பழம் தின்று முகம் முழுக்கப் பூசிக்கொண்டவனைப் போல. ஒன்று காய்ச்சலில் கிடந்து எழும்பியவனைப் போல வெளிறிப்போய். எல்லாவற்றிலும் நெற்றி நிறையத் திருநீறு. எல்லாவற்றிலும் நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடற்காற்று அடித்தால் நாங்கள் எல்லோரும் ஒரே பக்கமாகத் திரும்புவோம்.

கீழே தெருவில் மீன் கொண்டுவருகிற ஆள் ஒருநாள் சைக்கிளை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "மாத்தயா எலெக்‌ஷன் கேக்கிறதா?" என்று சிங்களம் கலந்த தமிழில் கேட்டார்.

நான் கூச்சக்காரன். கடையில்கூட முன்பக்கம் நிற்க மாட்டேன். ஓ.எல். சோதனை வரைதான் படித்தேன். பம்பலப்பிட்டியில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் ஸ்டோர்ஸ் பார்க்கிற வேலை கிடைத்தபோது, ஆணிக்கும் சீமெந்துக்கும் முன்னால் நின்றால் போதும், ஆட்களுக்கு முன்னால் நிற்கத் தேவையில்லை என்று நிம்மதிப்பட்டவன். அதனால் மீன்காரருக்குப் பதில் சொல்லவில்லை. பதிலை என் மனைவி சொன்னாள்.

"கலியாண வீட்டுப் படத்திலையும் நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்ட மனுசன். இப்ப பாருங்கோ, ஊருக்கே முகம் காட்டுறார்!"

என்னைக் கொடியில் தொங்கவிட்டவர், எங்களுக்கு நேர் மேல்வீட்டில் இருந்த அக்கா. பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது. இப்போது அந்த வீட்டில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய கொடியில் உடுப்பு மட்டும்தான் காய்கிறது. அக்காவுக்கு அப்போது ஐம்பது தாண்டியிருக்கும். தனி ஆள். ஒரு கொம்பனியில் கணக்குப் பகுதியில் வேலை. இருந்த ஒரே சொந்தம் ஒரு தங்கச்சி. பெற்றோர் போனபிறகு இவரே படிப்பித்து, கட்டிக்கொடுத்து, கனடாவுக்கு அனுப்பிய தங்கச்சி. விசாப் பத்திரங்கள் அடிக்கத் தேவைப்படும் என்று அந்தத் தங்கச்சிதான் காசு அனுப்பி ஒரு பிரிண்டர் வாங்க வைத்தார். படமும் அடிக்கிற பிரிண்டர். பத்திரம் அடித்தது கொஞ்சம். மிச்சமெல்லாம் படம்தான்.

தொடங்கியது தங்கச்சியின் கூறைச் சேலையில். கலியாண அல்பம் அடித்துக்கொடுத்த ஸ்டூடியோ, கூறையைத் தக்காளிப்பழ நிறமாக்கிவிட்டது. உண்மையான கூறை மாதுளம்பழத் தோல் நிறம். அது அக்காவின் அலுமாரியிலேயே இருந்தது. கனடாக் குளிரில் கூறை எதற்கு என்று தங்கச்சி விட்டுவிட்டுப் போயிருந்தார். அக்கா கூறையைப் பையில் போட்டு ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோய், மேசையில் விரித்து, அல்பத்தை மேலே வைத்து, "ரெண்டும் ஒண்டோ?" என்று கேட்டார்.

"மெஷின் அடிக்கிற நிறம் இதுதான் மிஸ்," என்றானாம் அங்கே நின்ற பெடியன்.

"அப்ப மெஷினைக் கலியாணம் கட்டச் சொல்லும்," என்று சொல்லிவிட்டு வந்தார். அன்றைக்கே, இனிமேல் படம் வீட்டில் அடிப்பது என்று முடிவாயிற்று.

அந்தக் கூறை அதற்குப் பிறகு பட்ட பாடு மணவறையில்கூடப் பட்டிருக்காது. அறையிலிருந்து பல்கனிக்கும் பல்கனியிலிருந்து அறைக்கும் நடந்தது. படம் ஒன்று வெளியே வரும், கூறை கூடவே பகல் வெளிச்சத்துக்கு வரும், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும், அக்கா உதட்டைப் பிதுக்குவார். பீட்ரூட். திரும்ப. செங்கல். திரும்ப. ரியூப் லைட்டில் நிறம் பார்க்கவே மாட்டார். "அந்த வெளிச்சத்திலை பாத்தால் புட்டும் நீலம்," என்பார். ஈரத்தோடும் பார்க்க மாட்டார். மை காய்ந்தபிறகுதான் நிறம் தன் இடத்தில் குந்தும் என்பது அவர் கட்சி. அதற்குத்தான் கொடி. மரீன் டிரைவ் பக்கம் ரயில் போகும்போது அடித்தால் படத்தில் கோடு விழும் என்றும் நம்பினார். ரயில் சத்தம் கேட்டதும் "நில்லு, நில்லு" என்று பிரிண்டரைக் கையால் பிடித்துக்கொள்வார். அது நின்றதோ இல்லையோ, பிடித்துக்கொள்வார்.

அவருடைய வேதமெல்லாம் ஒரே ஒரு வசனம்தான். "கண் சொல்றதை நம்பாதையும். பக்கத்திலை வைச்சுப் பாரும்."

கொம்பியூட்டர் திரையைக்கூட அவர் நம்பவில்லை. "அது தானே வெளிச்சம் அடிக்குது, தம்பி. கடதாசி வெளிச்சம் அடிக்குமோ? கடதாசி வெளிச்சத்தை வாங்கும். அடிக்கிறதும் வாங்கிறதும் ஒண்டாகுமோ?" என்று கேட்பார். பிறகு ஒரு வெள்ளைத்தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, திரையில் தெரிகிற வெள்ளையும் தாளின் வெள்ளையும் ஒன்றாகத் தெரியும்வரை வெளிச்சத்தைக் குறைப்பார். குறைத்து முடிய அந்தத் திரை மங்கிப்போய், மின்சாரம் போகப்போகிற வீடு மாதிரி இருக்கும். ஆனால் அதற்குப் பிறகு அடித்த படங்கள் முந்தியதைப் போல இருண்டு வரவில்லை. அதை நான் கண்ணால் கண்டேன். அவர் நம்பாத அதே கண்ணால்.

தீபாவளிக்குத் தங்கச்சிக்கு அனுப்பச் சட்டைத்துணி எடுக்கப் போனாலும் இதே கதைதான். கடைக்குள் இருக்கிற வெளிச்சம் சரியில்லை என்று துணிக்கட்டைத் தூக்கிக்கொண்டு நேரே காலி வீதி நடைபாதைக்கு வந்துவிடுவார். பின்னால் செக்கியூரிட்டி ஓடிவருவார். "ஓடுறதெண்டால் உவ்வளவு பெரிய கட்டோட ஓடுவனோ?" என்று அக்கா அவரையே ஒரு தொங்கலைப் பிடிக்கச் சொல்லி, வீட்டிலிருந்து கொண்டுபோன சேலையைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்.

கூறை ஒருவழியாகச் சரிவந்தது. ஆனால் முகங்கள் சரிவரவில்லை. தங்கச்சி கனடாவில் இருக்கிறார். முகத்தை எதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது?

அப்போதுதான் நான் மாட்டினேன்.

வேலைக்குப் போகுமுன் கோயிலுக்குப் போய்விட்டு வந்து படியேறிக்கொண்டிருந்தேன். அக்கா எதிரே இறங்கி வந்தார். என்னைக் கண்டதும் நின்றார். என் முகத்தைப் பார்த்தார். ஆட்கள் முகத்தைப் பார்க்கிற பார்வை இல்லை அது. சுவருக்குப் பெயின்ட் வாங்க வருகிறவர்கள் நிற அட்டையைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

"தம்பி, ஒருக்கா மேலை வாருமன்."

"வேலைக்கு நேரமாகுது அக்கா," என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. நினைத்ததைச் சொல்கிறவனாக இருந்தால் வேறு மாதிரி வாழ்ந்திருப்பேன்.

பல்கனியில் நிற்கவைத்துப் படம் எடுத்தார். "உம்முடைய முகத்திலை எல்லாம் கிடக்கு, தம்பி. மீசை கறுப்பு. திருநீறு வெள்ளை. மிச்சமெல்லாம் ரெண்டுக்கும் நடுவிலை. அதோட நீர் கதைக்கவும் மாட்டீர், அசையவும் மாட்டீர். இதைவிட எனக்கு வேறை என்ன வேணும்?"

முறை இதுதான். படத்தில் திருநீறு சுத்த வெள்ளையாக வரும்வரை கொம்பியூட்டரில் நிறத்தைக் கூட்டிக் குறைப்பார். மஞ்சள் தட்டினால் மஞ்சளைக் குறைப்பார். சிவப்புத் தட்டினால் சிவப்பை. திருநீறு வெள்ளையாகிவிட்டால் மீதி முகம் தானாகச் சரிவரும் என்பது கணக்கு. பிறகு அடித்து, காயவிட்டு, என்னைக் கூப்பிட்டு, கன்னத்துக்குப் பக்கத்தில் படத்தைப் பிடிப்பார்.

"கன்னத்தைக் கொஞ்சம் கடல் பக்கம். ம். இன்னும் கொஞ்சம். ஏன் தம்பி சிவக்கிறீர்? சிவக்காதையும், நிறம் பிழைக்குது."

கூச்சத்தில் சிவந்ததற்கு ஏச்சு வாங்கியவன் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

படங்கள் சரிவராததற்கு முதலில் பழி விழுந்தது மையில். பாமன்கடைப் பக்கம் கொம்பியூட்டர் சாமான் விற்கிற முஸ்லிம் நானா ஒருவரிடம்தான் மை வாங்குவார். ஒருநாள் என் முகம் ஒன்றை எடுத்துக்கொண்டு அவரிடம் சண்டைக்குப் போனார். நானா படத்தைப் பார்த்துவிட்டு, ஆள் நோயாளி என்று நினைத்துக் கவலையோடு கேட்டாராம்.

"இவருக்கு என்ன வருத்தம் மெடம்?"

"ஆளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. உங்கட மைக்குத்தான் வருத்தம்."

"ஆளக் கூட்டிட்டு வாங்களே, பாத்துச் சொல்றேன்."

நானா பகிடிக்குச் சொன்னார். அக்கா மெய்யாகவே கூட்டிக்கொண்டு போனார். ஒரு சனிக்கிழமை ஆட்டோவில் ஏற்றி, கடைக்குள் நிறுத்தி, கன்னத்தில் படத்தைப் பிடித்தார். கடையில் நின்ற மற்ற ஆட்களும் சுற்றி வந்து கருத்துச் சொன்னார்கள். ஒருவர் மை சரியில்லை என்றார். ஒருவர் ஆள்தான் சரியில்லை, நல்லாகச் சாப்பிட வேணும் என்றார். சிங்களப் பிள்ளையொன்று, "அய்யே பவ்," என்று எனக்காக இரக்கப்பட்டது. நானா கடைசியில் அக்கா கொண்டுவந்த கடதாசிப் பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"மெடம், இது மினுங்குற பேப்பர். பிரிண்டருக்கு என்ன பேப்பர்னு சொல்லி அடிச்சீங்க?"

அக்கா பெட்டியைத் திரும்ப வாங்கிப் பையில் போட்டார். அவர் பிரிண்டருக்கு ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அது பாவம், சாதாரணத் தாள் என்று நினைத்துக்கொண்டு மையை அள்ளி ஊற்றியிருக்கிறது.  திரும்பி வரும்போது, வெள்ளவத்தைச் சந்தையடியில், ஆட்டோவுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நல்ல மைதான், தம்பி."

அக்காவிடமிருந்து அதற்கு மேல் மன்னிப்பு எதிர்பார்க்கக்கூடாது.

அவருடைய திருநீற்று முறை கொஞ்சம் பேர் பெற்றது. எங்கள் மாடிகளில் யாருக்காவது படம் அடிக்கவேண்டுமென்றால் அக்காவிடம் வருவார்கள். கொட்டாஞ்சேனையில் இருந்து அவருடைய ஒஃபீஸ் சிநேகிதி ஒருவர் தேவாலயத்தில் எடுத்த மகளின் முதல்நன்மைப் படத்தோடு வந்தபோது, திருநீறு இல்லையே என்று நான் யோசித்தேன். அக்கா வெள்ளைச் சட்டையைக் கண்டு கைதட்டினார். "இதிலை தலையிலிருந்து கால்வரை வெள்ளையெல்லோ! இது விடுமுறை மாதிரி."

சறுக்கினது, நாங்கள் எல்லோரும் சேர் என்று கூப்பிடுகிற இரண்டாம் மாடிக்காரரிடம். பென்ஷன் எடுத்த மனிதர், மிகவும் மரியாதையாகக் கதைப்பார். அறுபதாம் கலியாணப் படத்தைக் கொடுத்திருந்தார். சேரின் நெற்றியில் மூன்று குறி, பார்த்தால் படமெடுக்கிறதற்கென்றே பூசியது போல. அக்கா அதைச் சுத்த வெள்ளையாக்கி, அடித்து, காயவைத்து, நானும் நிற்கும்போது கொண்டுபோய்க் கொடுத்தார். சேர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். குடும்பம் முழுக்கப் பச்சை. சேர், அம்மா, பேரப்பிள்ளைகள், பின்னால் நின்ற ஐயர், எல்லோரும் வெண்டிக்காய்.

சேர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "பிள்ளை, இதிலை ஆர் முதல்லை போவினம் எண்டுதான் எனக்கு விளங்கேல்லை," என்றார்.

அக்கா படத்தைச் சேரின் காதோடு வைத்துப் பார்த்தார். பிறகு எங்கள் எல்லோருக்கும் முன்னால் சேரின் நெற்றியில் விரலால் தொட்டு, அந்த விரலை வெளிச்சத்தில் பார்த்தார்.

"சேர், நீங்கள் முதல்லை குங்குமத்தைத் தொட்டுப்போட்டு, அதே விரலாலையோ திருநீறு பூசிறனீங்கள்?"

"ஓம். அம்பாளுக்குப் பிறகுதானே சிவன்."

அதுதான் கோளாறு. சேரின் திருநீறு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிவப்பு. அதை வெள்ளையாக்குவதற்காக அக்கா படம் முழுவதிலும் இருந்து சிவப்பை எடுத்துவிட்டார். சிவப்பை எடுத்தால் மிஞ்சுவது பச்சை. அன்றிலிருந்து அக்கா ஒரு சின்னத் திருநீற்றுப் பெட்டி வைத்திருந்தார். படமெடுக்க யார் வந்தாலும் பழையதைத் துடைத்துவிட்டுத் தானே பூசிவிடுவார். விஷயம் தெரியாத ஒரு பெண், ஆசீர்வாதம் என்று நினைத்துக் காலில் விழுந்துவிட்டார். அக்கா, "எழும்பும், எழும்பும், நிழல் விழுது," என்றார்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்தது.

கலியாணமாகிப் பல வருடம் பிள்ளை இல்லை. வைத்தியம், விரதம் எல்லாம் பார்த்து ஓய்ந்தபிறகு தங்கின பிள்ளை. பிள்ளைப்பெறு பார்க்க அக்கா போகவேண்டும் என்று விசாவுக்குப் போட்டிருந்தார். மறுமொழி வரமுன் பிள்ளை வந்துவிட்டது, நாள் கொஞ்சம் முந்தி. பெண்பிள்ளை. அக்கா படத்துக்குப் படம் அடித்தார். ஆஸ்பத்திரியில் எடுத்த முதல் படத்தைக் கூடத்துச் சுவரில் ஒட்டினார். கத்தரிப்பூவும் ரோசாவும் கலந்த ஒரு நிறத்தில், கண்ணைச் சுருக்கிக்கொண்டு, யாரோடோ கோபம் போல.

பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்த சில நாளில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் கதவைத் தட்டினார். கையில் ஒரு படம்.

"தம்பி, பிரிண்டர் பிழைச்சுப் போச்சு. மேலை வாரும். பிள்ளை, நீரும் வாரும்."

நானும் மனைவியும் ஏறிப் போனோம். எனக்கு ஒரு மாதிரி இருந்தது. பிரிண்டர் பிழை என்று அக்கா தானாகச் சொல்லி நான் கேட்டதில்லை. மை பிழைக்கும், கடதாசி பிழைக்கும், ரயில் பிழைக்கும். பிரிண்டர் பிழைக்காது.

மேசையில் புதுப் படங்கள் கிடந்தன. தொட்டிலில் ஒரு துணியின்மேல் பிள்ளை. மாம்பழத்தை வெட்டிவைத்த மாதிரி மஞ்சள்.

"அவளிட்டைக் கேட்டனான். வீட்டு லைட் மஞ்சளாம். அங்கை இப்ப இரவு, பகலிலையும் வெயில் இல்லையாம். சரியெண்டு அந்தத் துணி வெள்ளையா வருமட்டும் மஞ்சளைக் குறைச்சன். துணி வெள்ளையா வந்திட்டுது. பிள்ளை வரேல்லை."

"துணி வெள்ளைதானோ அக்கா?" என்று மனைவி கேட்டாள்.

"அதையும் கேட்டனான்." அக்கா நாற்காலியில் இருந்தார். "துணி கிறீமாம். 'அது கிறீம் அக்கா, அதுதான் உனக்கு எல்லாம் மஞ்சளாத் தெரியுது, போய்ப் படு' எண்டிட்டு வைச்சிட்டாள்."

மனைவி, "அப்ப பரவாயில்லையே," என்றாள்.

எனக்கு அதற்குள் விளங்கிவிட்டது. இவ்வளவு காலம் அந்தப் பல்கனியில் நின்றவனுக்கு விளங்காதா? கிறீம் துணியை வெள்ளையாக்கவேண்டுமென்றால், படத்தில் இருந்து இருக்கவேண்டியதையும்விடக் கூடுதலாக மஞ்சளைக் கழற்றவேண்டும். அப்படிக் கழற்றினபிறகும் பிள்ளை இவ்வளவு மஞ்சள் என்றால், அங்கே தொட்டிலில் கிடக்கிற பிள்ளை இதையும்விட மஞ்சள்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"அதுதான் பிரிண்டர் பிழையெண்டு சொல்றன்," என்றார். "பிழையாத்தான் இருக்கவேணும். நில்லும் தம்பி பல்கனியிலை."

திருநீறு பூசிவிட்டார். ஒரு குறி கோணலாகப் போயிற்று. படமெடுத்தார். பிரிண்டரைத் துடைத்து, மை வருகிற துவாரங்களைச் சுத்தம் செய்து, புதுக்கடதாசி வைத்து அடித்தார். ரயில் ஒன்று போனது. அவர் பிரிண்டரைப் பிடிக்க மறந்துவிட்டார். கொடியில் தொங்கவிட்டுவிட்டு மூன்று பேரும் காயும்வரை நின்றோம்.  பக்கத்து வீட்டில் யாரோ தேங்காய் துருவுகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

காய்ந்ததும் எடுத்து என் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்தார்.

அது நான்தான். செங்கல் இல்லை, நாவற்பழம் இல்லை. காலையில் கண்ணாடியில் பார்த்த அதே ஆள். இத்தனை காலம் அக்கா தேடின நிறம் கடைசியில் வந்தேவிட்டது.

"அச்சாப் படம்," என்று மனைவி வாய்தவறிச் சொல்லிவிட்டாள்.

"கொஞ்சம் பிழையாத் தெரியேல்லையோ, தம்பி?" அக்காவின் குரல் கெஞ்சியது. "வடிவாப் பாரும். கொஞ்சம் மஞ்சள் தூக்கலாக் கிடக்கில்லையோ?"

ஓம் என்று சொல்லத்தான் ஆசை. யார் எதைக் கேட்டாலும் ஓம் என்று சொல்லிப் பழகியவன் நான்.

"இல்லை அக்கா," என்றேன். "நான்தான்."

அக்கா உடனே தங்கச்சிக்குக் கோல் எடுத்தார். தங்கச்சி எடுக்கவில்லை. திரும்ப எடுத்தார். வீடியோவில் ஒரு களைத்த முகம் வந்தது.

"அக்கா, நான் தையல் போட்டுக் கிடக்கிறன். பிள்ளையும் பால் குடிக்காமல் ஒரே நித்திரை. இப்பதான் கண்ணை மூடினனான். திரும்பவும் நிறமோ?"

  ஸ்டூடியோவோடும் செக்கியூரிட்டியோடும் நானாவோடும் மல்லுக்கட்டிய ஆள், தங்கச்சிக்கு முன்னால் வாயடைத்து நின்றார். பிறகு கைபேசியை அப்படியே என்னிடம் நீட்டினார்.

நான் மனைவியிடம் கொடுக்கப் பார்த்தேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நீங்கள்தான் காட்டவேணும். கதையுங்கோ!"

"வணக்கம்," என்றேன். கனடாவுக்கு நான் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

"ஆர் இது?"

"நான்... கீழ்வீடு."

"படத்திலை வாற அண்ணை!" என்று மனைவி பின்னால் இருந்து கத்தினாள்.

"ஐயோ, அந்த அண்ணையோ," என்றார் தங்கச்சி. என் முகங்கள் கனடாவுக்கும் போயிருக்கின்றன என்று அப்போதுதான் அறிந்தேன்.

படத்தை எடுத்துக் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்தேன். யாரும் சொல்லாமல் கன்னத்தைக் கடல் பக்கம் திருப்பினேன். "தங்கச்சி, இது இப்ப அடிச்சது. பாருங்கோ. நானும் படமும் ஒண்டுதானே?"

"ஓம்... ஒண்டுதான். அதுக்கென்ன?"

பிள்ளையின் படத்தை எடுத்து என் படத்துக்குப் பக்கத்தில் பிடித்தேன். "இதுவும் அதே பிரிண்டர். அதே மை."

 என் மனைவி என் தோளுக்கு மேலால் தலையை நீட்டினாள். "தங்கச்சி, பால் குடிக்காமல் நித்திரை கொள்ளுதெண்டால் விடாதேங்கோ. குளியலறையிலை வெள்ளை லைட் இருக்கோ? அங்கை கொண்டுபோய்க் கண்ணின்ரை வெள்ளையைப் பாருங்கோ. நெஞ்சிலை விரலாலை மெல்ல அமத்தி எடுத்து, அந்த இடம் மஞ்சளோ எண்டு பாருங்கோ."

ஆண்குரல் ஒன்று, தங்கச்சியின் கணவராக இருக்கவேண்டும், "கொண்டா பிள்ளையை," என்றது. கைபேசி எங்கேயோ மேசையில் வைக்கப்பட்டது. எங்களுக்கு அவர்கள் வீட்டு முகடு தெரிந்தது. முகடு உண்மையாகவே மஞ்சள்தான். கதவு திறக்கிற சத்தம். தண்ணீர்க்குழாய்ச் சத்தம். பிறகு தங்கச்சி, "ஐயோ, கண்ணும்," என்றார். அதோடு இணைப்பு அறுந்தது.

அக்கா பல்கனிக்குப் போய்க் காய்ந்த உடுப்புகளை எடுக்கத் தொடங்கினார். காயாததையும் எடுத்தார். எடுத்து மடித்து, ஈரமென்று கண்டு, திரும்ப விரித்தார். மனைவி உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றினாள். அது மூன்று பேருக்கு முன்னாலும் ஆறிப்போனது. கடைசியில் செய்தி வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பிறகு இன்னொன்று. இரத்தத்தில் மஞ்சள் கூடித்தான் இருக்கிறதாம், பிள்ளையை லைட்டுக்குக் கீழே வைக்கிறார்களாம், இறங்கிவிடும், பயப்படத் தேவையில்லை என்று டொக்டர் சொன்னாராம். அதை அக்கா வாசித்தார். பிறகு மனைவியிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். பிறகு என்னிடம். மூன்று பேர் வாசித்தும் அதேதான் எழுதியிருந்தது என்பதில் திருப்திப்பட்டு, ஆறின தேத்தண்ணியைக் குடித்தார்.

"பிரிண்டர் பிழையெண்டு வந்திருந்தால், அதைக் கடலுக்குள்ளை எறிஞ்சுபோட்டுச் சந்தோசமா இருந்திருப்பன்," என்றார்.

அடுத்தநாள் பின்னேரம் வேலையால் வந்து படியேறும்போது இரண்டாம் மாடியில் குரல் கேட்டது. சேர் வாசலில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றார். அக்கா அவர் கையில் ஒரு படத்தைக் கொடுத்திருந்தார்.

"பிள்ளை, குறை நினைக்காதையும்," என்றார் சேர் மரியாதையாக. "உம்முடைய மெஷின் முற்றாகப் பழுதாப் போச்சு."

நான் எட்டிப் பார்த்தேன். குழந்தை நீலம். துணி நீலம், தொட்டில் நீலம், பின்னால் நின்ற தாதியின் கைகூட நீலம். கண்ணை மட்டும் ஒரு துணியால் கட்டியிருந்தார்கள்.

"மெஷின் நல்லாத்தான் கிடக்கு சேர். நீல லைட்டுக்குக் கீழைதான் பிள்ளையைக் கிடத்தியிருக்கினம். அந்த லைட்தானாம் மஞ்சளை இறக்கிறது. பாதிக்கு இறங்கிட்டுது."

நான் படத்தை வாங்கினேன். பழக்கதோசத்தில் படிக்கட்டு ஜன்னல் பக்கம், வெளிச்சத்துக்குத் திருப்பினேன். நீலம் கொஞ்சம் தூக்கலோ என்று பார்த்தேன். அக்கா என் கையைத் தட்டினார்.

"நிறத்தை விடும் தம்பி. மூக்கைப் பாரும். அச்சொட்டா எங்கட அம்மா."

சேர் குனிந்தார். நானும் குனிந்தேன். மாடிப்படியில் மூன்று பேரும் நெடுநேரம் ஒரு நீல மூக்கைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.